சைக்கிள் கிளப்புகளின் வழித்தலைவர்கள்

சைக்கிள் கிளப்பின் வழித்தலைவர் சம்பளம் வாங்காத ஓர் உறுப்பினர். எந்த ஊருக்குப் போவது, எந்தச் சாலையைப் பிடிப்பது, எங்கே நின்று தேநீர் குடிப்பது, மழை வலுத்தால் எங்கிருந்து திரும்புவது என்பதையெல்லாம் முன்கூட்டியே யோசித்து வைத்து, குறித்த நேரத்தில் குறித்த இடத்துக்கு முதல் ஆளாக வந்து நிற்பவர். ஞாயிற்றுக்கிழமைகளில் இருபது முப்பது பேரை அழைத்துப் போய் மாலையில் வீடு சேர்ப்பதையே பல ஆண்டுகள் செய்தவர்கள் இங்கிலாந்திலும் பிரான்சிலும் நிறைய உண்டு. பந்தயங்களில் வென்றவர்களின் பெயர்கள் அச்சில் நிலைத்தன. இவர்கள் கண்டுபிடித்த வழிகளோ, யார் கண்டுபிடித்தது என்ற நினைவு போன பிறகும் புழக்கத்தில் இருக்கின்றன.

இந்தப் பொறுப்பு இங்கிலாந்தில் 1870களில் உருவானது. இன்றும் இயங்கும் கிளப்புகளில் மிகப் பழையது லண்டன் ஹாக்னியில் 1870 ஜூனில் தொடங்கிய பிக்விக் பைசைக்கிள் கிளப். சார்லஸ் டிக்கன்ஸ் இறந்த அதே மாதம் அது. அவருடைய முதல் நாவலின் பெயரைக் கிளப் எடுத்துக்கொண்டது. உறுப்பினர்களும் ஆளுக்கு ஒரு கதாபாத்திரத்தின் பெயரைச் சூட்டிக்கொண்டார்கள். அடுத்த பத்தாண்டுகளில் ஊருக்கு ஊர் கிளப்புகள் முளைத்தன. ஒவ்வொன்றுக்கும் தலைவர், செயலாளர், பொருளாளர் இருந்தார்கள். இவர்களோடு கேப்டன், துணைக் கேப்டன், ஊதுகொம்பு ஊதுபவர் என்று மூன்று பேர் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். சாலையில் இறங்கிவிட்டால் கேப்டனின் சொல்தான் செல்லும்.

பதவிப் பெயர்களில் பட்டாள வாசனை வீசுவதற்குக் காரணம் உண்டு. 1859இல் பிரிட்டனில் தொண்டர் படைகள் அமைக்கப்பட்டதிலிருந்து நடுத்தர வர்க்க இளைஞர்களுக்கு அணிவகுப்பும் சீருடையும் பழகிப்போயிருந்தன. சைக்கிள் வாங்க வசதியிருந்தவர்களும் அதே வர்க்கத்தினர்தான். அந்தக் காலத்துச் சைக்கிளே கட்டுப்பாட்டை வேண்டி நின்றது. முன்சக்கரம் ஓர் ஆளின் நெஞ்சு உயரம், பின்சக்கரம் சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரியது. ஓட்டுபவர் ஏறக்குறைய முன்சக்கரத்தின் அச்சுக்கு நேர் மேலே உட்கார்ந்திருப்பார். ஒரு கல் தடுக்கினாலும் தலைகுப்புற விழ வேண்டியதுதான். எதிரே குதிரைவண்டி வந்து குதிரை மிரண்டால் இரண்டு தரப்புக்கும் ஆபத்து. இரட்டை வரிசையில் நீளமாகப் போகும் கூட்டத்தின் கடைசி ஆளுக்கு முன்னால் கத்துவது கேட்காது. அதனால்தான் ஊதுகொம்பு. ஏறு, இறங்கு, ஒற்றை வரிசையாகு என்று ஒவ்வொரு ஆணைக்கும் ஒவ்வொரு ஒலி இருந்தது. ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்தபடி மறுகையால் கொம்பு ஊதிக்கொண்டே உயரச் சக்கரத்தில் போவது சாதாரணத் திறமை அல்ல.

கேப்டன் முன்னால் போவார். அவரை யாரும் முந்தக்கூடாது என்பது பல கிளப்புகளில் எழுதப்பட்ட விதி. துணைக் கேப்டன் கடைசியில் வருவார். பின்தங்குபவர், விழுந்தவர், சக்கரம் கோணியவர் எல்லாரும் அவர் பொறுப்பு. இந்த இரண்டு இடங்களில் பெருமை முன்னிடத்துக்கே இருந்தது. அடுத்த ஐம்பது ஆண்டுகளில் அது மெல்லமெல்லப் பின்னிடத்துக்கு நகர்ந்தது. வழித்தலைவர்களின் வரலாறு பெரும்பாலும் இந்த நகர்வுதான்.

கேப்டனின் உண்மையான வேலை சாலையில் இறங்குவதற்கு முன்பே தொடங்கியது. வசந்த காலத்தில் பருவம் தொடங்கும்; அதற்கு முன்பே அந்த ஆண்டின் பயணங்கள் அத்தனையும் ஒரு சிறு அட்டையில் அச்சாகி உறுப்பினர் கைக்குப் போய்விட வேண்டும். எந்தச் சனிக்கிழமை எந்த ஊர், எத்தனை மணிக்குப் புறப்பாடு, எந்த விடுதியில் உணவு என்பதெல்லாம் அதில் இருக்கும். இதற்காகக் கேப்டன் தனியாகப் போய்ச் சாலையைப் பார்த்து வருவார். புதிதாகச் சல்லி கொட்டிய பகுதி, மழையில் சேறாகும் பகுதி, இறக்கத்தின் அடியில் ஒளிந்திருக்கும் வளைவு ஆகியவற்றை அறிந்துகொள்வார். முப்பது பேருக்கு ஒரே நேரத்தில் சோறு போட முடியுமா என்று விடுதிக்காரரிடம் பேசி வைப்பார்.

இப்படிப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த சாலைகளில் முதலில் புகழ் பெற்றது ரிப்ளி சாலை. லண்டனிலிருந்து தென்மேற்கே போர்ட்ஸ்மத் துறைமுகத்துக்குப் போகும் பழைய அஞ்சல் வண்டிப் பாதையில், கிங்ஸ்டன், ஈஷர், காபம் ஊர்களைக் கடந்து சுமார் 37 கிலோமீட்டரில் ரிப்ளி கிராமம் வரும். இரயில் வந்த பிறகு அஞ்சல் வண்டிகள் நின்றுபோய், வழியோர விடுதிகள் வெறிச்சோடிக் கிடந்தன. சாலை மட்டும் நல்ல நிலையில் இருந்தது; பெரிய மேடும் இல்லை. காலையில் புறப்பட்டால் மதிய உணவுக்கு ரிப்ளி, மாலை இருட்டுவதற்குள் லண்டன். ஓர் ஆள் ஒரு விடுமுறை நாளில் சுகமாகப் போய் வரக்கூடிய தூரம் அது. 1880களிலும் 90களிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் உலகிலேயே அதிகமான சைக்கிள்கள் ஓடிய சாலை அதுதான் என்று அக்காலத்தவர் எழுதினார்கள்.

ரிப்ளியில் அவர்கள் தேடிப் போனது ஆங்கர் என்ற பழைய விடுதியை. அதை நடத்திய டிபிள் குடும்பத்துப் பெண்கள், தூசி படிந்து வியர்த்து வந்த சைக்கிள்காரர்களை முகம் சுளிக்காமல் வரவேற்றார்கள். நிறைய விடுதிகள் இவர்களைக் கண்டாலே கதவைச் சாத்திய காலம் அது. ஆங்கரில் வைத்திருந்த வருகைப் புத்தகத்தில் கையெழுத்திடுவது ஒரு சடங்காகவே ஆனது. ரிப்ளி தேவாலயத்தில் டிபிள் சகோதரிகளின் நினைவாகச் சைக்கிள்காரர்கள் காசு போட்டு வைத்த வண்ணக் கண்ணாடி இருக்கிறது. ஒரு கிராமத்துச் சாப்பாட்டுக் கடைக்காரர்களுக்கு வாடிக்கையாளர்கள் கோயிலில் நினைவுச் சின்னம் வைப்பது அரிது. ஒரு வழி பிடித்துப்போவதற்குச் சாலை எவ்வளவு காரணமோ அவ்வளவு காரணம் அதன் முடிவில் காத்திருக்கும் முகமும்தான்.

அதே சாலையிலிருந்து சற்று விலகி, ஆக்கம் என்ற கிராமத்தில் இருந்த ஹோபாய் விடுதியில் இதற்கு நேர் எதிரான சம்பவம் நடந்தது. 1898 அக்டோபரில் ஹார்பர்ட்டன் சீமாட்டி சைக்கிளில் அங்கே போனார். பெண்களின் உடைச் சீர்திருத்தத்துக்காகப் பல ஆண்டுகள் பாடுபட்டவர் அவர். பாவாடைக்குப் பதில் முழங்காலளவுத் தொளதொளக் காற்சட்டை அணிந்திருந்ததால், உணவுக்கூடத்தில் உட்கார அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. மதுக்கூடத்தை ஒட்டிய அறைக்குப் போகச் சொன்னார்கள். சைக்கிள் பயணிகள் சங்கம் அவருக்காக 1899இல் வழக்கு நடத்தித் தோற்றது. தோற்றாலும் அந்த வழக்கு நாடெங்கும் பேசப்பட்டது. பெண்கள் தங்களுக்கென்று கிளப்புகள் தொடங்கி, தங்களில் ஒருவரையே கேப்டனாக்கிக்கொண்டு சாலைக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. 1892இல் அமைந்த பெண் சைக்கிள்காரர் சங்கத்தின் தலைவர் லிலியஸ் கேம்ப்பெல் டேவிட்சன், தனியாகப் பயணம் போகும் பெண்களுக்காகக் கையேடுகளும் எழுதினார்.

வழக்கை நடத்திய சைக்கிள் பயணிகள் சங்கம் 1878 ஆகஸ்டில் ஹாரோகேட் நகரில் ஸ்டான்லி காட்டரெல் என்ற மருத்துவ மாணவரின் முயற்சியால் பிறந்தது. பந்தயத்தில் அதற்கு அக்கறை இல்லை. ஊர் ஊராகச் சுற்றுவதுதான் நோக்கம். முதலில் பைசைக்கிள் பயணக் கிளப் என்றிருந்த பெயர், மூன்று சக்கர வண்டிக்காரர்களும் சேர்ந்ததால் 1883இல் மாறியது. 1899இல் அதன் உறுப்பினர் எண்ணிக்கை 60,000ஐத் தாண்டியது. அத்தனை பேரை ஒரு கேப்டன் கொம்பூதி அழைத்துப் போக முடியாது. அதற்குச் சங்கம் கண்ட வழி, ஊருக்கு ஒரு 'கான்சல்' என்ற ஏற்பாடு. அந்தந்த ஊரில் வசிக்கும் ஓர் உறுப்பினர் கான்சலாக இருப்பார். வெளியூரிலிருந்து வரும் உறுப்பினருக்கு நல்ல சாலை எது, நம்பிக்கையான விடுதி எது, சைக்கிள் பழுது பார்க்கும் கொல்லன் எங்கே என்று சொல்லி அனுப்புவது அவர் கடமை. கூலி கிடையாது. இவர்கள் எழுதி அனுப்பிய குறிப்புகளிலிருந்தே சங்கத்தின் சாலைக் கையேடுகள் உருவாயின. செங்குத்தான இறக்கங்களின் தலையில் எச்சரிக்கைப் பலகைகளை முதலில் நட்டவையும் அரசு அலுவலகங்கள் அல்ல, இத்தகைய சைக்கிள் அமைப்புகள்தான். சங்கம் ஒப்புக்கொண்ட விடுதிகளின் சுவரில் சிறகு முளைத்த சக்கரச் சின்னம் பதிக்கப்பட்டது. பழைய கட்டடங்கள் சிலவற்றில் அதை இன்றும் காணலாம். பார்த்தலோமியு நிறுவனத்தின் நிலப்படங்களுக்கும் சங்க உறுப்பினர்கள் திருத்தங்கள் அனுப்பிவந்தார்கள்.

1885இல் ஸ்டார்லியின் ரோவர் சைக்கிளும், 1888இல் டன்லப்பின் காற்றடைத்த டயரும் வந்ததும் எல்லாம் மாறியது. இரண்டு சக்கரமும் ஒரே அளவு, கால் தரைக்கு எட்டும் உயரம். பத்தே ஆண்டுகளில் விலை இறங்க, குமாஸ்தாக்களும் ஆலைத் தொழிலாளர்களும் சைக்கிள் வாங்கினார்கள். ஊதுகொம்பு மறைந்து விசில் வந்தது, பிறகு அதுவும் போயிற்று. 1894இல் பர்மிங்ஹாமில் ஏழு இளைஞர்கள் கிளாரியன் சைக்கிள் கிளப்பைத் தொடங்கினார்கள். கிளாரியன் என்பது ராபர்ட் பிளாட்ச்ஃபோர்டு நடத்திய சோஷலிசப் பத்திரிகை. இவர்களுடைய ஞாயிற்றுப் பயணங்களில் கிராமத்துச் சந்தியில் பத்திரிகை விற்பதும், துண்டறிக்கை கொடுப்பதும், சில நேரம் மேடை போட்டுப் பேசுவதும் சேர்ந்திருந்தன. வழியைத் தீர்மானிப்பவர் மேடு பள்ளத்தோடு, எந்தக் கிராமத்தில் காதுகொடுத்துக் கேட்பார்கள் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டியிருந்தது. லங்காஷயரில் பெண்டில் குன்றின் பக்கம் ரஃப்லீயில் 1912இல் நெல்சன் ஊர்ச் சுதந்திரத் தொழிற்கட்சியினர் திறந்த கிளாரியன் இல்லம், இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் வருவோருக்கும் நடந்து வருவோருக்கும் தேநீர் தருகிறது. பஞ்சாலைப் புகையில் ஆறு நாள் கழித்தவர்களுக்கு ஏழாம் நாள் அந்தக் குன்றுப் பாதை என்னவாக இருந்திருக்கும் என்பதை அந்த இல்லத்தின் நீண்ட ஆயுளே காட்டிவிடுகிறது.

முதல் உலகப் போருக்குப் பின் வழித்தலைவர்களின் வகை மாறியதற்கு ஒருவர் எழுத்து பெரிய காரணம். வால்டர் மெக்ரிகர் ராபின்சன் (1877-1956), வேஃபேரர் என்ற புனைபெயரில் எழுதியவர். லிவர்பூலில் 1879 முதல் இயங்கிய ஆன்ஃபீல்டு பைசைக்கிள் கிளப்பின் உறுப்பினர். போரில் காயம்பட்டுத் திரும்பியவர். 1919 மார்ச்சில் வேல்ஸ் நாட்டின் பெர்வின் மலைத்தொடரை, நண்பர்களோடு, பனி மூடியிருந்த ஒரு பழைய மலைப்பாதை வழியே சைக்கிளோடு கடந்தார். ஓட்ட முடிந்த இடத்தில் ஓட்டி, முடியாத இடத்தில் தள்ளி, சில இடங்களில் தூக்கிக்கொண்டு போனார்கள். அதைப் பற்றி அவர் 'சைக்கிளிங்' வார இதழில் எழுதிய கட்டுரை, தார்ச்சாலையை விட்டு விலகவும் தயங்காத ஒரு தலைமுறையை உருவாக்கியது. மோட்டார் கார்கள் பெருஞ்சாலைகளைப் பிடித்துக்கொள்ளத் தொடங்கிய நேரம் அது. ரிப்ளி சாலையே கார்களின் சாலையாகிவிட்டது. அவருடைய கட்டுரைகளும், விளக்குப் படங்களோடு மன்றங்களில் அவர் ஆற்றிய உரைகளும், கால்நடைகளை ஓட்டிச் செல்லும் தடங்கள், குறுகிய சந்துச் சாலைகள், மலைக் கணவாய்கள் பக்கம் கிளப்புகளைத் திருப்பிவிட்டன. 1955இல் இத்தகைய கரடுமுரடான பாதைகளுக்காகவே லெம்ஸ்டர் என்ற ஊரில் ஒரு தனிக் கழகம் பிறந்தது. வேஃபேரர் கடந்த அந்தக் கணவாயின் உச்சியில் அவர் நினைவாக 1957இல் கல் நாட்டியவர்கள் அந்தக் கழகத்தார். கல்லின் பக்கத்தில் ஒரு பெட்டி. அதற்குள் வருகைக் குறிப்பேடு. ஆங்கர் விடுதியின் மேசைமேல் தொடங்கிய வழக்கம் ஆளில்லா மலைமேல் தொடர்கிறது.

இரண்டு போர்களுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் பயணிகள் சங்கம் மாவட்டக் கிளைகளாகவும், கிளைகள் ஞாயிற்றுக் குழுக்களாகவும் பிரிந்து செழித்தன. பயணப் பட்டியலில் ஒவ்வொரு நாளுக்கும் எதிரே ஒரு பெயர் இருக்கும். அன்று வழித்தலைவர் அவர். சாதாரணத் தொழிலாளிகள், பள்ளி ஆசிரியர்கள், அஞ்சலக ஊழியர்கள் வருடக்கணக்கில் இதைச் செய்தார்கள். காலைத் தேநீர், மதியச் சாப்பாடு, மாலைத் தேநீர் என்று மூன்று நிறுத்தங்களை வைத்தே ஒரு நாளின் வழி கட்டப்பட்டது. பண்ணை வீட்டுப் பெண்கள் தங்கள் கூடத்தில் ரொட்டியும் முட்டையும் தேநீரும் கொடுத்துச் சிறு வருமானம் பார்த்தார்கள். அந்தப் பாதைகளின் அழகைப் பேனாக் கோடுகளில் வரைந்தவர் ஃபிராங்க் பேட்டர்சன். 1893 முதல் 1952 வரை சைக்கிள் இதழ்களுக்காக அவர் வரைந்தவை ஆயிரக்கணக்கில் உள்ளன. 1940இல் ஜெர்மனி படையெடுக்கக்கூடும் என்று அஞ்சி, பிரிட்டன் முழுவதும் சாலைகளின் ஊர்ப்பெயர்ப் பலகைகள் பிடுங்கப்பட்டன. எந்தச் சந்து எந்த ஊருக்குப் போகும் என்பதைத் தலைக்குள் வைத்திருந்த பழைய வழித்தலைவர்களின் அருமை அந்த ஆண்டுகளில்தான் முழுதாக விளங்கியிருக்கும்.

பிரான்சில் கதை வேறு விதமாகப் போனது. 1897இல் இத்தாலிய சைக்கிள்காரர்கள் சிலர் ரோமிலிருந்து நேப்பிள்ஸ் வரை ஏறத்தாழ 230 கிலோமீட்டரைப் பகல் வெளிச்சம் இருக்கும்போதே கடந்தார்கள். துணிந்தவர் என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லான 'ஆடக்ஸ்' இந்த வகைப் பயணத்துக்குப் பெயரானது. 1903இல் டூர் த ஃபிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கிய ஹென்ரி தெக்ராஞ்ச், 1904இல் இதற்கு விதிகள் வகுத்தார். கூட்டமாகப் போக வேண்டும், வேகத்தை வழிக் கேப்டன் வைத்திருப்பார், அவரை முந்தக்கூடாது, புறப்பட்டவர்கள் சேர்ந்தே வந்து சேர வேண்டும். ஊதுகொம்புக் காலத்து விதிகள் இங்கே மறுபிறவி எடுத்ததுபோல் இருக்கும். ஆனால் பயன் வேறு. முதல் பயணம் 200 கிலோமீட்டர். அவ்வளவு தூரத்தை அதற்கு முன் நினைத்தும் பார்த்திராத ஒருவரை, ஒரே சீரான வேகம் என்ற கயிற்றைப் பிடித்துக் கரை சேர்ப்பதே கேப்டனின் வேலை. இறக்கத்தில் பறக்கும் ஆசையையும் ஏற்றத்தில் திணறும் அச்சத்தையும் அவர் ஒருசேர அடக்க வேண்டும். இன்று இந்த முறையில் சமதளத்தில் மணிக்கு 22.5 கிலோமீட்டர் வேகம் வைத்துக்கொள்கிறார்கள்.

இந்தப் பயணங்களை நடத்தியவர்கள் அமைத்த ஆடக்ஸ் கிளப் பாரிசியன், தெக்ராஞ்சோடு மனத்தாங்கல் ஏற்பட்டு, 1921இல் தனி வழி கண்டது. ஒவ்வொருவரும் தத்தம் வேகத்தில் போகலாம். குறித்த இடங்களில் அட்டையில் முத்திரை வாங்கி, கெடுவுக்குள் முடித்தால் போதும். இம்முறையில் சாலையில் வழித்தலைவரே கிடையாது. வழியை அமைப்பவரும், முத்திரை இடும் மேசையில் உட்காருபவரும் அவர் இடத்துக்கு வந்தார்கள். சேர்ந்து போவதா, தன் வேகத்தில் போவதா என்ற இந்த வழக்கு நூறு ஆண்டுகளாகத் தீரவில்லை. இரண்டு முறையும் இன்றும் நடக்கின்றன. பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் என்ற 1,200 கிலோமீட்டர் பயணத்தை 1931 முதல் இரு தரப்பாரும் தனித்தனியே நடத்திவருகிறார்கள்.

இந்த அமைப்புகள் எதற்குள்ளும் அடங்காத தலைவர் ஒருவர் செயின்ட்-எத்தியென் நகரில் இருந்தார். போல் த விவி என்ற பட்டு வணிகர், வெலோசியோ என்ற பெயரில் எழுதியவர். 1887இல் 'லெ சிக்ளிஸ்ட்' இதழைத் தொடங்கி 1930இல் இறக்கும்வரை நடத்தினார். அவருடைய விருப்ப வழி ஊர் எல்லையிலேயே ஏறத் தொடங்கும் மலைச்சாலை. கோல் த லா ரெபூப்ளிக் எனப்படும் அந்தக் கணவாய் 1,161 மீட்டர் உயரம். ஊரிலிருந்து 600 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். எழுபது வயது கடந்தும் அவர் அதில் ஏறினார். கியர் மாற்றும் கருவிகளைப் பந்தயக்காரர்கள் ஏளனம் செய்த காலத்தில், அவற்றின் பயனை அந்த ஏற்றத்திலேயே சோதித்துக் காட்டினார். அவரோடு போனவர்களுக்குப் பதவியோ சீருடையோ இல்லை. அதிகாலையில் வந்து நின்றால் சேர்ந்து போகலாம். ஈஸ்டர் விடுமுறையில் அவரைத் தேடி நாடெங்கிலுமிருந்து தென்பகுதிக்கு வந்து கூடுவார்கள். 1922இல் நண்பர்கள் அவர் பெயரில் ஒரு நாளை வைத்து அந்தக் கணவாய் ஏறினார்கள். ஆண்டுதோறும் அது தொடர்ந்தது. உச்சியில் அவருக்கு நினைவுத்தூண் இருக்கிறது. ஈஸ்டரின்போது 24 மணி நேரத்தில் குறைந்தது 360 கிலோமீட்டர் போகும் வெலோசியோ அம்புப் பயணம், 1947 முதல் நடக்கிறது.

நல்ல வழியை அமைப்பதில் இவர்கள் எல்லாரும் கண்டறிந்த சில நுட்பங்கள் எழுதாச் சட்டம்போல் கைமாறி வந்திருக்கின்றன. காலையில் எதிர்க்காற்றில் போய், மாலையில் காற்று முதுகைத் தள்ள வீடு திரும்பும்படி திசை வைப்பார்கள். கடுமையான மேட்டைச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிடுவார்கள். வயிறு நிறைந்தபின் ஏறுவது கொடுமை. போன சாலையிலேயே திரும்பாமல் வட்டமாகச் சுற்றுவார்கள். நடுவழியில் ஒரு குறுக்குப்பாதை இருக்கும்படி பார்த்துக்கொள்வார்கள், களைத்தவர் பாதியில் வீடு போவதற்கு. திருப்பங்களில் யாரும் தவறிவிடாமல் இருக்க ஒரு முறை பரவலாக உள்ளது: திருப்பம் வந்ததும் வழித்தலைவருக்கு அடுத்து வரும் ஆள் அங்கேயே நின்றுவிடுவார். கூட்டம் முழுதும் அவரைப் பார்த்துத் திரும்பும். கடைசி ஆள் வந்ததும் நின்றிருந்தவர் அவரோடு சேர்ந்துகொள்வார். இம்முறை நடக்க வேண்டுமானால் கடைசி ஆள் யாரென்று எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அனுபவம் மிக்க வழித்தலைவர்கள் அந்தக் கடைசி இடத்தைத் தாங்களே எடுத்துக்கொண்டு, முன்னிடத்தை இளையவர்களுக்குக் கொடுத்தார்கள். பஞ்சர் ஒட்டுவதும், முதல்முறை வந்தவரோடு பேச்சுக்கொடுத்து மேட்டின் நீளத்தை மறக்கச் செய்வதும் பின்னால்தான் நடக்கின்றன.

பயணிகள் சங்கம் 2016 முதல் சைக்கிளிங் யூகே என்ற பெயரில் இயங்குகிறது. பாரிஸ் கிளப்பின் தன்வேக முறை பல நாடுகளுக்குப் பரவி, தமிழ்நாட்டுக்கும் வந்திருக்கிறது. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புறப்படும் 200 கிலோமீட்டர் பயணத்துக்குப் பதிமூன்றரை மணி நேரம் கெடு; 300க்கு 20, 400க்கு 27, 600க்கு 40 மணி நேரம். பாரிசில் முத்திரை பெறும் அட்டைக்கும் இங்கே பெறும் அட்டைக்கும் விதி ஒன்றே. வழியை முன்கூட்டியே ஓட்டிப் பார்ப்பவர்களும், இரவில் முத்திரை மேசையில் விழித்திருப்பவர்களும் இங்கேயும் தொண்டர்களே. கடைசி ஆள் வரும்வரை, அல்லது கெடு முடியும்வரை, அவர்கள் மேசையை விட்டு எழுவதில்லை.